ஆம்புலன்ஸ் நின்ற வாசல்

எங்கள் கம்பெனிக்கு அலுவலகம், தொழிற்சாலை, ஊர்க்கோடியில் குடோன் என்று மூன்று இடங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே போன் அமைப்பைப் போட்டவளை 'நம்பர் அக்கா' என்போம். அலுவலக எண்களெல்லாம் இரண்டில் தொடங்கும், தொழிற்சாலைக்கு மூன்று, குடோனுக்கு நான்கு, வெளியே பேச முதலில் பூஜ்யம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். வாயும் கொஞ்சம் நீளம்தான்.

வெளியே போகும் அழைப்பெல்லாம் அலுவலக லைன் வழியாகத்தான் போகும். அவசர எண் மட்டும் அந்தந்த இடத்து லைனிலேயே போக வேண்டும். அப்போதுதான் ஆம்புலன்ஸ்காரர்களின் திரையில் சரியான முகவரி தெரியும். குடோன் மேற்பார்வையாளர் அவள் கணவர். அவரிடமும் ஆட்களிடமும் கறாராகச் சொல்லியிருந்தாள்: "விஷயத்தச் சொன்னா போதும். நீங்க எங்க இருக்கீங்கன்னு அவங்களுக்கே தெரியும். நின்னு கதை பேசாம ஆளப் பாருங்க."

புது அமைப்புக்கு மாறிய அன்று காலையில் எல்லாம் பிரமாதமாக ஓடியது. கைதட்டினோம். மதியம் எங்கள் அலுவலக வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"ரேக் சரிஞ்சு ஆள் மாட்டிக்கிட்டாருன்னு கூப்பிட்டீங்களே, எங்கங்க?" என்றார் டிரைவர்.

நாங்கள் திருதிருவென்று விழித்தோம். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அலுவலகத்துக்குப் போட்டதை அப்படியே குடோனுக்கும் நகலெடுத்தவள், அவசர எண்ணின் வழியை மட்டும் மாற்ற மறந்திருந்தாள். காலையில் சோதித்தபோதும் லைன் கிடைத்ததா என்றுதான் பார்த்தாள்.

"குடோன்! அண்ணே, குடோனுக்கு விடுங்க!" லேப்டாப்பை அள்ளிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். நானும் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் கணவரின் செல்லுக்கு அடித்தாள். அவர் எடுக்கவில்லை. ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. அந்தக் கேட்டை நான் திட்டாத திட்டில்லை. அவள் "எடுங்க, எடுங்க" என்று செல்போனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

குடோனில், சரிந்த ரேக்கின் இரும்புச் சட்டத்தைத் தோளில் தாங்கியபடி அவள் கணவர் நின்றார். அடியில் லோடுமேன் கிடந்தார். மூச்சு இருந்தது. "உயிருக்கு ஒண்ணுமில்ல. கால்தான் சந்தேகம், ரொம்ப நேரம் நசுங்கிக் கிடந்திருக்கு" என்று சொல்லி ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கணவர் தோளைத் தடவியபடி அவளிடம் வந்தார். "விஷயத்தச் சொன்ன உடனே வெச்சுட்டேன். முகவரியும் சொல்லியிருக்கணுமோ? நீதான வேணாம்ன?"

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. தப்பு என்னோடது."

அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் அவசர எண்ணுக்கான அந்த ஒரு வரியை மாற்றினாள். பிறகு சுவரிலிருந்த போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க, சோதனைதான்" என்றாள். "உங்க திரையில எந்த முகவரி தெரியுதுன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க."