நான்கு மணி நேரக் கால்பந்து

எங்கள் கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் நான்தான். இதைக் கேட்டதும் எல்லோரும் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள். பிறகு மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். நான் நடத்துவது தாவரவியல். உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியான வருடம், ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் எங்களைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு மழை. என் ஷூ நனைந்துவிட்டதால் மகனுடைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல்வரின் கண் அதில் வந்து நின்றது. தேர்வு முறை அவ்வளவுதான்.

கல்லூரி இருப்பது ஊட்டியைத் தாண்டி, இத்தலார் பக்கம் போகும் சாலையில். பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்துப் போட்டிகள் நடத்தும். மண்டலப் போட்டியில் ஆடியவர்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். எங்களுக்கென்று ஒரு மலை மண்டலம் இருந்தது. நாங்கள், ஊட்டியில் ஒன்று, குன்னூரில் ஒன்று, கூடலூர்ப் பக்கம் ஒன்று என நான்கே கல்லூரிகள். வருடா வருடம் அதே நான்கு அணிகள், அதே சண்டை, அதே டீ.

அந்த டீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது மிஸ்ட் இறங்கும், மூடுபனி. நிதானமாக எல்லாம் இறங்காது. யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வரும். உடனே ரெஃப்ரி விசில் ஊதுவார். பந்து நின்ற இடத்தில் ஒரு செங்கல்லை வைப்பார்கள். இரண்டு அணியும் ஒரே கெட்டிலைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்து வர்க்கி தின்னும். கோல்கீப்பர்கள் இரண்டு பேர் மட்டும் கம்பத்தை விட்டு நகரக் கூடாது. அவர்களுக்கு டீ தேடி வரும். ஒரு கோல்கீப்பர் கையைத் தூக்க, அது எதிர்க் கோல்கீப்பருக்குத் தெரிந்துவிட்டால் ஆட்டம் செங்கல்லிலிருந்து தொடரும். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. எங்களுக்கு மட்டும் தெரிந்த விதி. அதுவே எல்லோருக்கும் தெரிந்த விதி என்று நான் நம்பிக்கொண்டிருந்ததில்தான் கதையே இருக்கிறது.

ஒரு ஜூலை மாதக் காலை, புதிய மண்டலப் பட்டியல் வந்தது. மலை மண்டலத்தைக் கலைத்துவிட்டார்கள். ஊட்டி ஒரு மண்டலத்துக்கு, குன்னூர் கீழே சமவெளியில் இன்னொன்றுக்கு, கூடலூர் வேறொன்றுக்கு. நான் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

பெண்கள் அணியின் கேப்டன் என் அறை வாசலில் நின்றாள். மூன்றாம் ஆண்டு, கோல்கீப்பர். ஓவேலியில் ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள். அம்மா கொழுந்து பறிக்கிறார்.

"சார், நம்ம பேரு எங்க சார்?"

"தேடிட்டு இருக்கேன்."

"நாலு பக்கம்தான சார். எவ்வளவு நேரம் தேடுவீங்க?"

அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவள் உடற்கல்விப் படிப்பில் சேர வேண்டும். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் சீட்டு கிடைக்க வழி உண்டு. இது அவளுக்குக் கடைசி வருடம். மண்டலம் இல்லையென்றால் போட்டி இல்லை, போட்டி இல்லையென்றால் அவளைப் பார்க்க ஆள் இல்லை. ஏன் பி.டி. டீச்சர் ஆக ஆசை என்று முன்பு ஒரு முறை கேட்டிருக்கிறேன். "உங்களப் பாத்துத்தான் சார்" என்றாள். நான் நெகிழ்ந்துபோனேன். "ஒரு காலேஜுக்கு நெஜமாவே பி.டி. இல்லைனா என்ன ஆகும்னு தெரிஞ்சுது சார்" என்று முடித்தாள்.

எனக்குக் கோபத்தைவிடக் குடைச்சல்தான் அதிகமாக இருந்தது. இந்தக் கோடுகளை யார் போடுகிறார்கள்? எதை வைத்து? சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்தேன். தூரமா? கூடலூர் எங்களைவிடத் தூரம், அதைச் சேர்த்திருக்கிறார்களே. மாணவர் எண்ணிக்கையா? எங்களைவிடச் சின்னக் கல்லூரியும் பட்டியலில் இருந்தது. மைதானமா? எங்கள் மைதானத்தில் ஒரு கோல் கம்பம் மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருக்கும். ஆனால் பாதி நேரத்தில் பக்கம் மாறிக்கொள்வதால் அநியாயம் சமமாகிவிடும். வரைபடத்தில் ஸ்கேலை வைத்து நான் கோடு கிழிப்பதைக் கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், போய்க் கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

இந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை என்பதை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறங்கினேன். மண்டலப் பிரிப்பைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் ஒரு பழைய ஹாக்கி ஆட்டக்காரர். கழுத்தில் விசில் தொங்கியது. அலுவலகத்துக்குள் அதை எதற்குப் போட்டிருந்தார் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். என் கல்லூரியின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க சார், நீங்களா அது! உக்காருங்க, உக்காருங்க. உங்களப் பாக்கோணும்னு நெனச்சுட்டே இருந்தேனுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கையெழுத்து என்னுடையது. போன கோடையில், விடைத்தாள் திருத்தும் களைப்பில் நான் நிரப்பி அனுப்பியது. அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். 'ஒரு போட்டி நடத்தி முடிக்க ஆகும் நேரம்' என்ற கேள்விக்கு எதிரே நான் எழுதியிருந்தேன்: 'நான்கு மணி நேரம். சில சமயம் மறுநாள்.'

"இது ஃபுட்பாலுங்களா, டெஸ்ட் மேட்சுங்களா?"

நான் மிஸ்ட்டைச் சொன்னேன், செங்கல்லைச் சொன்னேன், கெட்டிலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"செங்கல்ல யாராச்சும் தள்ளி வெச்சுட்டா?"

"பனியில யாருக்கும் தெரியாதுங்க."

"அப்பறம்?"

"அதனாலதான் யாரும் தள்ளி வைக்கிறதில்லைங்க."

அதன் பிறகு அவர் கோடு போடும் ரகசியத்தைச் சொன்னார். தூரமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பஸ்தான். "போட்டிய முடிச்சுப்போட்டு, பொண்ணுக பொழுதோட ஊடு போய்ச் சேரோணும். எந்தக் காலேஜுக்கு அப்படிப் பஸ் இருக்குதோ அதையெல்லாம் ஒரு சோன்ல போட்டுட்டனுங்க. நீங்க மறுநாள்னு எழுதியிருக்கீங்க. உங்க ஊருக்கு வந்த டீம நான் எந்தப் பஸ்ல ஏத்தறது, சொல்லுங்க?"

முதல் நாளிலிருந்து மண்டையைக் குடைந்த கேள்விக்குக் கிடைத்த பதில் நானாகவே இருந்தேன். பொதுவாக ஒரு கல்லூரியைக் கைவிடப் பணமோ, பகையோ, அரசியலோ வேண்டும். எங்கள் கல்லூரிக்கு என் பேனா போதுமானதாக இருந்திருக்கிறது.

என் படிவம் இருந்த கட்டுக்குள் இன்னும் இரண்டு படிவங்கள் இருந்தன. விட்டுப்போன கல்லூரிகள். அவர் போன் பேசத் திரும்பியபோது எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பது என் பிறவிக் குணம். ஒன்றில், மைதானம் உண்டா என்ற கேள்விக்கு 'உண்டு. வியாழக்கிழமை சந்தை' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், 'உண்டு. யானை வராத நாட்களில்.' எழுதியவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. உலகத்தில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர்.

"இவங்களுக்கு என்னங்க வழி?" என்று கேட்டேன்.

"அவங்க யாரும் வந்து கேக்கலீங்களே" என்றார்.

எங்களுக்கு ஒரு வழி சொன்னார். சமவெளி மண்டலம் ஒன்றில் ஏழு அணிகள்தான் இருந்தன. எட்டாவது சேர்ந்தால் அவருக்கு அட்டவணை போடுவதும் சுலபம். ஆனால் எல்லா ஆட்டமும் கீழேதான். தோற்றால் அன்றோடு வெளியே. கூடவே, அந்த மண்டலத்தில் இருக்கும் ஒரு கல்லூரியாவது எங்களைச் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஏழில் எனக்குத் தெரிந்தது குன்னூர்க் கல்லூரி ஒன்றுதான். அதன் பி.டி. சாருக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு கோல். அவர்கள் அணி உதைத்த அதே நொடியில் மிஸ்ட் மூடிவிட்டது. வலையில் இருந்த ஓட்டை வழியாகப் பந்து தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டது. கோல் என்று அவர்கள் கத்த, இல்லை என்று நாங்கள் கத்த, ரெஃப்ரி எங்கள் கோல்கீப்பரிடமே போய்க் கேட்டார். அப்போது அவள் முதலாம் ஆண்டு. "உள்ளதான் சார் போச்சு" என்றாள். அந்தக் கோலில் தோற்றோம். குன்னூர் சார் என்னைப் பார்த்து, "உங்க டீம்ல ஒருத்தராவது உண்மை பேசுறாங்க சார்" என்றார். அதோடு பேச்சு நின்றது. கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாமே என்று நான் அவளிடம் முனகியபோது, "அங்க நான் மட்டுந்தான சார் பாத்தேன்? நானும் பொய் சொன்னா, அப்பறம் அங்க என்ன நடந்துச்சுன்னே யாருக்கும் தெரியாதே" என்றாள். தாவரவியலில் அவளுக்கு நான் கொடுத்த மதிப்பெண்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

திரும்பும் வழியில் குன்னூரில் இறங்கினேன். சார் மைதானத்தில் இருந்தார். நான் பஸ்ஸில் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை நீட்டினேன். ஒன்றரைப் பக்கம். அவர் வாங்கவில்லை.

"நீங்க எழுதுனதெல்லாம் போதும் சார். கீழ ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அந்தப் புள்ள இன்னும் ஆடுதா?"

"ஆடுறா சார். கேப்டன்."

"அப்ப இந்தாங்க." ஏற்கெனவே எழுதிவைத்திருந்த சம்மதக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

போட்டி நாளன்று விடியற்காலையில் கிளம்பினோம். ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஏறிய பெண்கள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வாந்தி எடுத்தது மூன்று பேர். அதில் இரண்டு பேர் மாணவிகள். கேப்டனின் அம்மா எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு, முதல் நாளே கிளம்பி எங்களுக்கு முன்னால் வந்து மைதான ஓரத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாதிரி மைதானத்தை என் பிள்ளைகள் பார்த்ததில்லை. தட்டை. எந்தப் பக்கம் உதைத்தாலும் பந்து உருண்டு பள்ளத்துக்கு வராது. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. முதல் இருபது நிமிடம் அற்புதமாக ஆடினார்கள். அதன் பிறகு ஒருத்தி நின்று வானத்தைப் பார்த்தாள். இன்னொருத்தியும் பார்த்தாள். இடது பக்கத் தடுப்பாட்டக்காரி என்னிடம் ஓடிவந்து, மூச்சு வாங்கக் கேட்டாள்: "சார், இங்க மிஸ்ட் எப்ப சார் வரும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அணி பிறந்ததிலிருந்து ஒரு பாதியை நிற்காமல் ஆடியதே இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு டீ என்றே அவர்கள் உடம்பு பழகியிருந்தது. அது என் நெடுநாள் பயிற்சியின் பலன்.

அதற்குப் பிறகு ஆட்டம் எங்கள் பக்கத்து அரை மைதானத்திலேயே நடந்தது. பந்து மேல் பந்தாகக் கேப்டனை நோக்கி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கையில் பந்து இருந்தது. மறுபடி மூடினேன், திறந்தேன், மறுபடியும் அவள் கையில் பந்து. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. மூடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். எதிரணிக்காரி காலை ஓங்கும்போதே இவள் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாள்.

இடைவேளையில் கேட்டேன்.

"எப்படிம்மா?"

"பந்து வர்றது முன்னாடியே தெரியுது சார்!" அவளுக்கே நம்ப முடியவில்லை. "நம்ம ஊர்ல பக்கத்துல வந்தப்பறந்தான் தெரியும். காதுல கேட்டுத்தான் பாதிப் பந்து புடிப்பேன். இது ரொம்ப லேசு சார். ஏமாத்துற மாதிரி இருக்கு."

மூன்று கோலில் தோற்றோம். தோற்றிருக்க வேண்டியது பதின்மூன்றில். எங்கள் மண்டல வாழ்க்கை அந்த ஒரு காலையோடு முடிந்தது. விசில் ஊதியதும் பத்துப் பேர் இருந்த இடத்திலேயே படுத்துவிட்டார்கள். பதினோராவது ஆள் கம்பத்தை விட்டு நகராமல் நின்றிருந்தாள், பழக்கம். அவள் அம்மா டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு அங்கேயே போனார்.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்த தேர்வாளர்கள் இருவரும் அந்த வேப்ப மரத்தடியில்தான் இருந்தார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "கோல்கீப்பருக்கு யாருங்க கோச்சு?" என்று கேட்டுக்கொண்டே என் வயிற்றைப் பார்த்தார், கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னார். நான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். கேப்டன் வேகமாக வந்தாள். அவ்வளவு நேரம் பந்தைப் பிடித்த அதே கையால் படிவத்தைப் பிடித்தாள்.

"நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார்."

மலைக்குத் திரும்பியதும் அந்தச் சந்தைக் கல்லூரிக்குப் போன் செய்தேன். நேரில் போய்க் கேளுங்கள் என்றேன். எடுத்தவர் கணித ஆசிரியர். அவரும் பொறுப்பாளர்தானாம். "சந்தை வியாழன்தான சார், அதை மாத்தி எழுத முடியுமா?" என்று கேட்டார். இப்போதும் அவ்வப்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் பல்கலைக்கழக அணிக்கான முகாம் பட்டியல் வந்தது. அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டி முடிப்பதற்குள், என் கைக்குக் கீழாக அவள் தலை நுழைந்துவிட்டது. அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் எங்கள் கல்லூரியின் பெயர். இதை அவள் இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள்.

"சார், கேம்ப்ல நடுவுல டீ குடுப்பாங்களா?"

"தெரியலையேம்மா. வேணும்னா நான் ஒரு லெட்டர் போட்டுக் கேக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்," என்றாள். "நீங்க எதையும் எழுதிக் கேட்டுறாதீங்க."