எலிபோல் ஓடிய கதிர்க்குருவி

காடு வெட்டி நான்கு ஏக்கர் வயலாக்கினேன். யானை இரண்டு முறை பிரித்துப்போட்ட குடிசை இருந்த இடத்தில் கல்வீடு கட்டினேன். பாறையைக் கண்டு மற்றவர்கள் கைவிட்ட கிணற்றைத் தண்ணீர் வரும்வரை தோண்டினேன். படித்தது மூன்றாம் வகுப்பு. இதையெல்லாம் கிளிநொச்சியில் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். அந்தக் குருவியை வன்னியில் முதலில் கண்டவன் நான் என்பதைத்தான் எழுத்தில் மாற்றிவிட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசி, மாசி மாத அருவிவெட்டு, நெல் அறுக்கும் காலம். நாலு பக்கமும் வெட்டிக்கொண்டு நடுவுக்கு வருவோம். வயலெலிகள் கடைசித் துண்டுக்குள் ஒதுங்கும். அடிக்கத் தடியோடு நிற்போம். அன்று கதிருக்குள்ளிருந்து ஒன்று ஓடி வந்தது. தடியை ஓங்கிவிட்டேன். வால் விரிந்தது, நுனியில் வெள்ளை. எலியில்லை, நான் அதுவரை காணாத குருவி. கையை நிறுத்தினேன். அது திரும்பக் கதிருக்குள் ஓடிவிட்டது.

"அத்தான், எலிக்குச் செட்டை முளைச்சிட்டுதோ?" என்று மனைவியின் தம்பி சிரித்தான்.

"ஒருதரும் வெட்டாதேங்கோ. இந்தத் துண்டு நிக்கட்டும்."

"மழை இருட்டுது. குருவிக்காக நெல்லை நனைய விடப்போறியளோ? உங்களுக்கு விசர்!"

சைக்கிளை எடுத்தேன். குளத்து வேலைக்கு வந்திருந்த எஞ்சினியர் ஒருவர் ஓய்வு நேரத்தில் தூரக்கண்ணாடியோடு பறவை பார்த்துத் திரிபவர். நான் சொன்னதைக் கேட்டதும் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"வால் அப்பிடியெண்டால் அது ஒரு அரிய கதிர்க்குருவி, பனிக்காலத்தில வந்து போறது. தெற்கில ஒண்டு ரெண்டு பேர் கண்டிருக்கினம். வன்னியில ஒருதரும் காணேல்லை."

கதிருக்கு மேலாகக் கயிறு இழுத்துக் குருவியைக் கலைப்போம் என்றார். நான் விடவில்லை.

"அது பறக்காது ஐயா, ஓடும். மூண்டு பக்கமும் மெல்ல வெட்டுறம். நீங்கள் வரம்புப் பக்கம் குந்துங்கோ."

பிடி பிடியாக வெட்டினோம். தூறல் தொடங்கியபோது குருவி வெறும் வரம்பில் ஏறி நின்றது. எஞ்சினியர் கண்ணாடியை இறக்கவே இல்லை.

"ஓம், அதேதான்," என்றார் அவர்.

பறவை பார்ப்பவர்களின் சஞ்சிகையில் அவருடைய குறிப்பு வந்தது. பள்ளி வாத்தியார் வாசித்துச் சொன்னார்: வெட்டுக்காரன் ஒருவன் காட்டினானாம்! எஞ்சினியரைக் கேட்டேன். "அடுத்த இதழில திருத்துவம்" என்றார். திருத்துமுன் மாற்றலாகிப் போய்விட்டார்.

அடுத்த மாசியிலும் கடைசித் துண்டை இரண்டு நாள் நிற்க விட்டேன். குருவி வந்தது. அந்த முறை மைத்துனன்தான் முதலில் கண்டு, "அத்தான், உங்கட ஆள் வந்திட்டுது!" என்று ஓடிவந்தான். அந்த வருடத்துக்கு அவன் பெயரைப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. இப்போது பக்கத்து வயல்காரரும் தடி ஓங்குமுன் ஒருதரம் குனிந்து பார்க்கிறார்கள்.

முதல் வருடம் என்னுடையது. வெட்டுக்காரன் ஒருவன் அல்ல, வயலின் சொந்தக்காரன், முழுப் பெயரோடு. இனி வன்னிப் பறவைகளைப் பற்றி யார் எழுதினாலும் அதைத் திருத்தி எழுதவேண்டும்.