துப்பாக்கி என்றுதான் சொல்ல வேண்டும்

எங்கள் பள்ளி என்.சி.சி.யில் ஒரு சட்டம் மட்டும் எல்லோருக்கும் உறைத்திருந்தது. பரேடுக்குத் தரும் மரத் துப்பாக்கியை யாரும் கட்டை என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால், அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். "கட்டைன்னு சொன்னா கட்டையாட்டம்தான்டா புடிப்ப. துப்பாக்கின்னு சொல்லு, கை தானா நேராவும்" என்பார் மாஸ்டர். பாதிப் பேர் பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிக்கிழங்குக்காகச் சேர்ந்தவர்கள். அவர்களும் ஓடி ஓடி, கனவில்கூடத் துப்பாக்கி என்றே சொல்லப் பழகியிருந்தார்கள்.

என் சிநேகிதன் பூரிக்கு வந்தவன் இல்லை. அவனுக்கு ராணுவம். வேறெதுவும் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் ஒருமுறை பேர் ஏறிவிட்டால் ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து சைக்கிளில் டபுள்ஸ்கூட ஏற மாட்டான்.

அது தொண்ணூற்றொன்று. மே மாதத்துக் குண்டுக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காற்றையே நிறுத்தி விசாரித்த வருடம். தாடி வைத்தவன், புதிதாக வாடகைக்கு வந்தவன், டார்ச் லைட்டோடு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன், யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து நெருங்கும்போது ஒரு துப்பாக்கியின் அடிப்பாகம் விரிசல் விட்டுவிட்டது. மணிமங்கலத்தில் என் சிநேகிதனின் மாமா தச்சு வேலை செய்தார். மாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு சைக்கிளில் போய் ஒட்டவைத்தோம். திரும்பும்போது தூறல். பசை நனையாமல் இருக்கக் கோணிச் சாக்கில் சுற்றி, அவன் சைக்கிள் பாரில் நீளவாக்கில் கட்டினோம். அக்கறையாகத்தான் கட்டினோம். வெளியிலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில் தடுப்பு. இரண்டு கான்ஸ்டபிள்கள், நாற்காலியில் ஒரு ஏட்டு.

"சாக்குல இன்னாடா?"

பழக்கம் அவன் நாக்கில் முந்திக்கொண்டது.

"துப்பாக்கி சார்."

டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது. ஏட்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு கான்ஸ்டபிளின் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. பிடித்தவரின் கண் சாக்கை விட்டு நகரவில்லை. அவர்களுக்கும் பயம். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"எந்த இயக்கம்டா நீங்க?"

"என்.சி.சி. சார்."

"நக்கலா?"

"இல்ல சார். ஏ சர்டிபிகேட் எழுதப் போறோம் சார்."

இன்னொரு கான்ஸ்டபிள் லத்தி நுனியால் கயிற்றைத் தள்ளித் தள்ளி அவிழ்த்தார். சாக்கு வழுக்கி விழுந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்த மரம், கீழே பசை வழிந்த தழும்பு.

"த்தூ. கட்டைடா இது!"

"கட்டை இல்ல சார்," என்றான் அவன்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எதிர்பாராமல் கத்தினார்: "சாவ்தான்!"

இந்தி தெரியாத எங்கள் காதில், அசையாமல் நேராக நில் என்கிற அந்த உத்தரவு எப்போதுமே சாவுதான் என்றே விழும், பரேடில் சிரிப்போம். அன்று சிரிப்பு எங்கே? உடம்பு மட்டும் கேட்டுக்கொண்டது. நனைந்த ரோட்டில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு சப்பென்று சேர்ந்தது. என் காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"சரி, ஸ்கூல் பசங்கதான். வூட்டுக்குப் போங்கடா. இது இங்கியே இருக்கட்டும். உங்க வாத்தியாரு வந்து வாங்கிக்கட்டும்."

நான் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்துவிட்டேன். அவன் அசையவில்லை.

"எங்க ட்ரூப்போடது சார். நான் பொறுப்பு எடுத்துகினு வந்தேன்."

"டேய், வாடா," என்று சட்டையை இழுத்தேன்.

ஏட்டு நோட்டை விரித்தார். "பொறுப்பா? அப்ப பேரு, ஊரு சொல்லிட்டு எடுத்துகினு போ."

போலீஸ் நோட்டில் பேர் ஏறினால் அவனுக்கு ராணுவம் இல்லை.

"என் பேர எழுதிக்குங்க சார்," என்றேன்.

"நீயாடா கட்டிகினு வந்த? நீ சும்மா இரு."

தூறல் கொஞ்சம் கனத்தது. அவன் துப்பாக்கியைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். வகுப்பில் வருகைக்குச் சொல்வதுபோலத் தெளிவாக, இனிஷியலோடு பேரையும் ஊரையும் சொன்னான். ஏட்டு எழுதிக்கொண்டார்.

"சாக்குல சுத்தாத. எல்லாருக்கும் தெரியிற மாதிரி தோள்ல வெச்சிகினு போ."

அப்படியே போனோம். அவன் தோளில் துப்பாக்கி, இன்னொரு கையில் சைக்கிள். எதிரே வந்த பஸ் வேகம் குறைத்தது. ஜன்னல் முழுக்க முகங்கள். வளைவு வந்தது. அவன் நின்றான்.

"டேய். என் இனிஷியல் கோ. அவரு கே-ன்னு எழுதிகினாரு. துணைக்கால் போடல. நான் பாத்தேன்."

"நட."

"ஆளே மாறிடுதுடா. திரும்பிப் போயி சொல்லிட்டு வந்துடட்டா?"

"ஆள் மாறிடுது இல்ல? அதுக்குத்தான் நடன்றேன்."

அவன் தடுப்பைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கமாக உடம்புகூடக் கொஞ்சம் சாய்ந்தது. அங்கே விசில் ஊதினார்கள், எங்களுக்கா லாரிக்கா தெரியவில்லை. என் முதுகுத் தோல் முழுக்கக் காதாகிக் காத்திருந்தது.

அவன் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினான். ஊர்ப் பக்கம் பார்த்தபடி பெடலில் காலை வைத்தான்.