அவள் பெயரில் ஒரு வளைவு

சிலமலையில் என் மனைவி பிறந்து வளர்ந்த தெருவின் முகப்பில் அவள் பெயரால் ஒரு வளைவு எழுப்ப வேண்டும் என்று அவளுடைய தம்பி என்னிடம் முதன்முதலாகச் சொன்னது, அவள் இறந்த பிறகு வந்த முதல் மழைக்காலத்தில். போடிமெட்டுக்கு மேலே அவனுக்குச் சிறியதாக ஓர் ஏலத்தோட்டம் உண்டு. வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று ஒருநாள் காலையில் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். ஏலச்செடிகள் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, இருபுறத்திலிருந்தும் பாதையின் மேல் சாய்ந்து, தலைக்கு மேலே தோகை கோத்துக்கொண்டு நின்றன. அதன் அடியில் அவன் முன்னே போக, நான் குனிந்து பின்னே போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"மச்சான், அக்கா பேர்ல நம்ம தெரு மொகப்புல ஒரு ஆர்ச்சு வைக்கணும்."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனாலும், "என்ன வைக்கணும்?" என்றேன்.

"ஆர்ச்சு. வளைவு. வாழ்க்க பூரா காலேஜுல அதத்தான பாடம் நடத்துனீங்க?"

"அது வேற, மாப்ளே."

"எல்லாம் ஒண்ணுதான். அக்காவே சொல்லுச்சு மச்சான், ஒரு வளைவு வைடான்னு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில வச்சு. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க."

அவன் குனிந்து, ஒரு தூரின் அடியில் கிடந்த காய்க்கொத்தைத் தூக்கிப் பார்த்து, அழுகல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

என் மனைவி அப்படிச் சொல்லியிருப்பாளா என்று அன்று பகல் முழுவதும் யோசித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். தெருமுனைகளில் நிற்கும் வளைவுகளைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நான் நினைத்துவந்திருக்கிறேன். ஆனால் அவள் சிரித்த ஒரு சந்தர்ப்பத்தையாவது சொல் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது. சிரித்தது நானாகவும் இருக்கலாம்.

அப்படிச் சிரிக்க எனக்குக் காரணம் இருந்தது. கற்களை அரைவட்டமாக அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறக்கி, கீழே முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் சட்டத்தை உருவிவிட்டால், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தானாக நிற்பது வளைவு. தன்மேல் ஏறும் பாரத்தை அது கீழே மட்டும் அனுப்புவதில்லை. இரு கால்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் கனமான ஏதாவது இருக்க வேண்டும். நம் ஊர் நுழைவாயில்களில் நிற்பது அதுவன்று. இரண்டு தூண், குறுக்கே ஓர் உத்தரம். அந்த உத்தரத்தைக் கம்பி கட்டி வளைத்து வார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். வளைந்திருப்பதால் மட்டும் ஒன்று வளைவாகிவிடாது என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். மாணவர்களும் ஒவ்வோர் ஆண்டும் சிரித்தார்கள்.

மாலையில் மலை இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசித் திருப்பத்துக்குக் கீழே, ஓடையைக் கடக்க அந்தக் காலத்தில் கட்டிய கல் வளைவுப் பாலம் ஒன்று கண்ணில் பட்டது. மணமான புதிதில் நாங்கள் இருவரும் அந்த இடத்தில் இறங்கி நின்றிருக்கிறோம். பஸ்சுக்கு ஏதோ கோளாறு. அந்தப் பாலத்தைப் பார்த்து அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். மலையே இரு பக்கமும் நின்று அதன் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மேலே எவ்வளவு மண் இருக்கிறதோ அவ்வளவுக்கு அது உறுதி, ஒரு பக்கத்து மண்ணை மட்டும் அள்ளினால்தான் ஆபத்து என்று, பஸ்சு கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். என் பதில் முழுவதும், சொல் பிசகாமல், நினைவிருக்கிறது. அவள் கேட்ட கேள்வி நினைவில்லை. ஜீப்பில் தேவாரம் ஊருக்குப் போகும் இரண்டு பெண்கள் யானை இறங்கிச் சோளத்தை மிதித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் போடி வந்து சேரும்வரை அந்தக் கேள்வியைத் தேடிக்கொண்டே வந்தேன்.

பிறகு என் மச்சினன் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பத் தொடங்கினான். எங்கெங்கோ பார்த்த வளைவுகள். மயில் வைத்தது, சிங்கம் வைத்தது, தாமரைமேல் சரஸ்வதி அமர்ந்திருப்பது. எழுத்துகள் எப்படி அமைய வேண்டும் என்பதும் அவன் மனத்தில் முடிவாகியிருந்தது. நடுவில் அவள் பெயர். அதன் கீழே, ஓய்வுபெற்ற ஆசிரியை. அதற்கும் கீழே, இன்னாருடைய மனைவி என்று என் பெயரும் என் பட்டங்கள் அனைத்தும். என் பட்டங்கள் அவள் பெயரைவிட நீளமாக இருந்தன. வளைவின் மறுபுறத்தில், ஊரைவிட்டுப் போகிறவர்கள் படிப்பதற்காக, வழக்கம்போல 'நன்றி, மீண்டும் வருக' என்று போடலாமா என்று கேட்டிருந்தான். அது வேண்டாம் என்று மட்டும் உடனே பதில் அனுப்பினேன். மற்றவற்றுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவன் என்னிடம் எதிர்பார்த்தது படம். "சும்மா ரெண்டு தூணு நட்டு ஏமாத்த வேணாம் மச்சான். நீங்க சொல்லிக்குடுக்குற நெச வளைவா இருக்கணும்" என்றான். நான் மேசையில் தாளை விரித்து உட்கார்ந்தேன். தெருவின் அகலம் எனக்குத் தெரியும். கல்லின் எடை தெரியும். ஆனால் பென்சிலை எடுத்தால் எங்கே தொடங்குவது என்பது குழம்பியது. கால்களின் தள்ளலை எதன்மேல் இறக்குவது? அங்கே மலை இல்லை. இடப்பக்கம் அவன் வீட்டுச் சுவர், வலப்பக்கம் எதிர்வீட்டுச் சுவர். இரண்டும் பழைய சுவர்கள். ஒருநாள் அரைவட்டமாக வரைந்தேன். மறுநாள் அதை அழித்துத் தட்டையாக வரைந்தேன். மூன்றாம் நாள் இரண்டில் எது சரி என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலையில், குளித்துவிட்டு வந்து கூடத்தைத் திரும்பிப் பார்த்தபோது, சிமெண்டுத் தரையில் என் ஈரக் காலடிகள் மட்டும் கிடந்தன. எனக்குத் தட்டைப் பாதம். அடி முழுவதும் தரையில் பதியும். அவளுக்கு உள்ளங்கால் வளைவு மிகுதி. குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாக, நடுவில் ஒன்றுமே இல்லாமல் பதியும். செருப்பு வாங்குவது அவளுக்குப் பெரும்பாடு. அவள் காலடி காய்ந்த பிறகுதான் நான் குளிக்கப் போவேன். ஏன் அப்படி ஒரு பழக்கம் ஏற்பட்டது என்பதற்கும் என்னிடம் காரணம் இல்லை. அன்று அந்தத் தரை காயும்வரை நின்றேன். பிறகு படத்தை எடுத்துவைத்துவிட்டு, சிலமலைக்குப் பஸ்சு ஏறினேன்.

தெருமுனையில் இறங்கியதும் குழி தெரிந்தது. படம் வருமுன்னே மச்சினன் தன் வீட்டுப் பக்கத்தில் தோண்டிவிட்டிருந்தான். எதிர்ப் பக்கத்தில் தூண் வர வேண்டிய இடத்தில் ஒரு துவைகல் கிடந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் சதுரம் போட்டிருந்தது. சதுரத்துக்குள் நின்றுகொண்டு அந்த வீட்டுப் பெண்மணி போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்குப் பெரியப்பா மகனின் மனைவி. மச்சினனுக்கு மதினி முறை. சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் இரு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. அந்தப் பெண்மணியின் கணவர் இறந்த பிறகும் அது அப்படியே இருந்தது.

"வாங்கண்ணே" என்றார். "பாத்தீங்களா, உங்க மச்சினன் என் கல்லச் சுத்திக் கோலம் போட்டு வச்சிருக்கான். மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்கு."

மச்சினன் அதற்குள் வீட்டிலிருந்து வந்துவிட்டான். அவர் முகத்தைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துப் பேசினான். "ஒரே ஒரு தூணு. கல்ல அந்தப் பக்கம் தள்ளிப் போட்டா முடிஞ்சுச்சு சோலி."

"இன்னைக்குத் தூணும்ப. நாளைக்கு தூணுக்கு மேல லைட்டும்ப. அதுக்கு வயரு என் வீட்டுலருந்து இழுப்ப."

"அக்கா கேட்டதுக்காகத்தான..."

"ஒங்கக்கா எங்கிட்ட வேற சொன்னா." அவர் போர்வையைப் பிழிந்து கல்மேல் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் போன பெறகு எந்தம்பி எதையாவது கட்டணும்னு குதிப்பான் மதினி, எடம் குடுத்துராதீங்கன்னு சொன்னாண்ணே. இந்தக் காதால கேட்டேன்."

"எப்போம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தேன்ல, அன்னைக்குத்தான். நீங்க இல்ல. டீ குடிக்கப் போயிருக்காருன்னா."

மருத்துவமனைக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. பார்க்க யாராவது வந்தால் அவள் என்னிடம், போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பாள். நான் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேனே என்ற கரிசனம் அது என்று எண்ணிப் போய்வந்தேன். ஒவ்வொரு முறை நான் வெளியே போனபோதும் அவள் ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்லியிருக்கிறாள். என்னிடம் மாத்திரை நேரத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் முடிவை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இருவரும் நினைத்திருக்கலாம். அவள் என்ன நினைத்தாள் என்பதும் எனக்குத் தெரியாதுதான்.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றார் அவர். "ஆர்ச்சு வேணும்னு அவ ஆசப்பட்டான்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. இந்தக் கல்ல இப்பவே பொரட்டிப் போடுறேன்."

மச்சினன் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு சொல்தான் தேவைப்பட்டது. நான் ஆமாம் என்றால் வளைவு எழும்பும். இல்லை என்றால் அவன் தோண்டிய குழியை அவனே மூட வேண்டும். இரண்டில் எதைச் சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கமும் அது தலையசைக்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லல."

"அப்ப நான் பொய் சொல்றேனா மச்சான்?"

"இல்ல மாப்ளே."

"அப்ப மதினி பொய் சொல்லுதா?"

"அதுவும் இல்ல."

"என்ன மச்சான் நீங்க. ரெண்டுல ஒண்ணுதான இருக்க முடியும்?"

"ஏன், ரெண்டும் இருக்கும்" என்றார் மதினி. "அவ அப்பிடித்தான். என் கல்யாணச் சேல நல்லாருக்குன்னு எங்கிட்டச் சொல்லிட்டு, அந்தப் பக்கம் போயி ஒங்க ஆத்தாகிட்ட வாழத்தாரு மாதிரி இருக்குன்னு சொன்னவதான. ரெண்டு பேருக்கும் மனசு குளுந்துச்சு."

எனக்கு அந்தச் சேலைக் கதை தெரியாது. என்னோடு வாழ்ந்தவளுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு என்பதும் தெரியாது. என்னிடம் நல்லா இருக்கிறது என்று அவள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

மதினி மச்சினனைப் பார்த்தார். சற்றுக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "அக்கா சொல்லுச்சு, அக்கா சொல்லுச்சுங்குற. ஒனக்கு வேணுமாடா?"

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். பிறகு முகத்தைத் துடைத்தான். துண்டை முகத்திலிருந்து எடுக்கச் சிறிது நேரமாயிற்று.

"வேணும் மதினி" என்றான். "போடியிலருந்து அது வந்து எறங்குற எடம் இதான். எறங்கி இங்கனயே நின்னுக்கிட்டு எனக்குப் போன் போடும், வெரசா வாடா, பை கனக்குதுன்னு. அம்பது வயசுக்கு மேலயும் பை தூக்க நான்தான் வரணும். இன்னைக்கும் பஸ்சு நிக்கிற சத்தம் கேட்டா எட்டிப் பாத்துர்றேன்."

மதினி போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நீர் அவர் முதுகில் வழிந்தது.

"அதுக்குன்னு கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்ல. செத்தவ வாயப் பிடுங்கி ஏன் கேக்குற" என்றார். பிறகு, "அந்தக் கடப்பாறையக் கொண்டா. ஒத்தையில இது பொரளாது" என்றார்.

நானும் கைகொடுக்கப் போனேன். "நீங்க தள்ளி நில்லுங்க, காலுல விழுந்துறும்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சாக்கடைச் சண்டைக்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுவாக இருக்கலாம். தள்ளி நின்றேன். இந்தப் பெயருக்குக் கீழே என்னால் நடந்து போக முடியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் இதை விரும்பினாளா, வேண்டாம் என்றாளா, அல்லது மூன்றாவதாக ஒருவரிடம் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாளா என்பது இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

கல் புரண்டது. அதன் அடியில் இருந்த மண் வெளுத்து, கொழகொழவென்று இருந்தது. பல வருடச் சோப்புத் தண்ணீர் குடித்த மண். நான் குனிந்து விரலை அழுத்தினேன். தடையில்லாமல் உள்ளே போயிற்று.

"இந்தப் பக்கம் இன்னும் ஆழமாத் தோண்டணும் மாப்ளே" என்றேன்.

"எம்புட்டு மச்சான்?"

"கெட்டி மண்ணு வர்ற வரைக்கும்."

அவன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்தான்.