பிரேக் இல்லாத பக்கம்

அக்காவின் பழைய காரில், முன்பக்கத்து இடது இருக்கைக்கு முன்னால் கிடக்கும் ரப்பர் மேட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. வண்டி ஓட்டுபவரின் காலடியில் மேட் தேய்வது எல்லா வண்டியிலும் நடப்பதுதான். இது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருபவருக்கான மேட். அந்தப் பக்கம் பிரேக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் வலது காலின் முன்பாதம் படுகிற இடம் மட்டும் தேய்ந்து தேய்ந்து அடித்தகரம் தெரிகிறது. அதைத் தேய்த்தவர் எங்கள் நைனா.

நைனா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையிலான சாலையிலேயே கழிந்தது. நல்ல ஓட்டுநருக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. "ஏறி உக்காந்த ஆளுக்குத் தூக்கம் வரணும். தூக்கம் வரலன்னா டிரைவர் மேல நம்பிக்க இல்லன்னு அர்த்தம்" என்பார். அவருடைய பேருந்தில் ஏறியவர்கள் கீழ்பென்னாத்தூர் தாண்டுவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். அதைக் கண்ணாடியில் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அவர் மட்டும் இன்னொருவர் ஓட்டும் வண்டியில் ஒரு நாளும் கண் மூடியதில்லை. கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனால் குடும்பமே தூங்கி விழும். நைனா மட்டும் முன்னால் விறைப்பாக உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். "பாத்து மிதிங்க, நீங்க மிதிக்கிற மிதில வண்டி நின்னுடப்போவுது" என்று அம்மா பின்னாலிருந்து கிண்டல் செய்வாள். அவர் காதில் விழாது.

இந்த மனிதருக்குப் பிறந்தவள்தான் ரேலியில், அதாவது மண்பாதைக் கார் பந்தயத்தில், ஓட்டக் கிளம்பினாள். பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போன இடத்தில் அவளுக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் சிங்கவரத்தில் கடலை பிடுங்கிய எங்கள் சொந்தக்காரர் நிலத்தில் இந்தக் காரை வைத்துப் பழகுவாள். ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து போனேன். எனக்குக் காரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அன்று கண்டது இன்னும் மறக்கவில்லை. வண்டி இடது பக்கம் திரும்புகிறது, ஸ்டீரிங் வலது பக்கம் திரும்பியிருக்கிறது. பின்சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு எங்களை முந்தப் பார்க்கின்றன. வலது கால் ஆக்சிலேட்டரை விடவில்லை, இடது கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது. இவ்வளவு கூத்துக்கும் நடுவில் அவளுடைய கைகள் மாவு பிசைகிறவளின் கைகள் மாதிரி அவசரமில்லாமல் இருந்தன. எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

வரப்பில் நின்று பார்த்த நைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வண்டிய ஓட்றாளா இன்னா இவ? மண்ணுல கோலம் போட்றா!" என்றார். வண்டி வழுக்குவது என்பது அவருடைய தொழிலில் அவமானம். அவள் அதை வேண்டுமென்றே செய்வது அவருக்குத் திமிராகத் தெரிந்தது. வீட்டில் பல நாள் சண்டை நடந்தது. ஒருவழியாக இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். "ஒரே ஒரு தபா வந்து பாக்குறேன். எனக்கு மனசு ஒப்பலன்னா அதோட நிறுத்திடணும். அப்பறம் பேச்சு கூடாது" என்றார் நைனா. அக்கா யோசிக்கவே இல்லை, சரி என்றாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை. ஜெயிப்பதா தோற்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

போட்டி ஓசூரைத் தாண்டி, ஒரு தைலமரத் தோப்புக்குள் மண்பாதையில் நடந்தது. நானும் நைனாவும் ஒரு வளைவில், கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம். கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் சத்தம், அப்புறம் புழுதி, கடைசியாகத்தான் வண்டி. சிலர் வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துப் பத்திரமாகத் திரும்பினார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் வண்டியைக் குறுக்காகப் போட்டு, மரங்களை உரசாத குறையாக, வழுக்கிக்கொண்டே வெளியேறினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புரிந்தது. வழுக்குகிறவன் எல்லாம் தாறுமாறாகப் போகவில்லை. எங்கே வழுக்கல் தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதை வளைவுக்கு வருமுன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தான். ஒவ்வொரு காருக்கும் நைனாவின் வலது செருப்பு மண்ணை அழுத்தியது. அந்த இடத்தில் சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது.

அக்காவின் கார் வந்தபோது, முன்னால் போனவர்கள் கிளறிவிட்ட மண்ணில் பின்பக்கம் அளவுக்கு மீறி வெளியே ஒதுங்கியது. ஒரு மரம் அதன் நேர் எதிரில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் ஐயோ என்று பின்வாங்கினார்கள். ஹெல்மெட்டுக்குள் இருந்த அவள் முகம் முன்கண்ணாடியைப் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. பக்கத்து ஜன்னல் வழியாக, போக வேண்டிய பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நைனாவின் கால் மண்ணில் முழு பலத்தோடு அழுந்தியது. அதே நொடியில் காரின் உறுமல் ஏறியது. முன்சக்கரங்கள் இழுக்க, வண்டி நிமிர்ந்து, அவள் பார்த்த பாதையிலேயே போய் மறைந்தது.

புழுதி அடங்கும்வரை நைனா அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான்னா பிரேக்க மிதிச்சிருப்பேன்" என்றார். மிதித்திருந்தால் வண்டி சுழன்று மரத்தில் போய் அடித்திருக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒரு மெக்கானிக் சொன்னார். நைனா குனிந்து தன் செருப்பு போட்ட பள்ளத்தைப் பார்த்தார். அக்காவுக்கு அன்று பரிசு கிடைக்கவில்லை.

மத்தியானம் இந்தக் காரிலேயே ஊர் திரும்பினோம். அக்கா ஓட்ட, நைனா முன்னால், நான் பின்னால். ஊத்தங்கரையில் டீ குடித்தபோதுகூட மனசு ஒப்பியதா இல்லையா என்று அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்கப் பயந்துகொண்டு அக்காவும் கேட்கவில்லை. செங்கம்வரை நைனாவின் கால் வழக்கம்போல மேட்டை மிதித்துக்கொண்டுதான் வந்தது. திருவண்ணாமலை தாண்டி, அவருடைய சொந்தச் சாலையில் ஏறியதும், அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டார். கீழ்பென்னாத்தூர் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

"டேய், நைனா தூங்குறாரா?"

"தூங்குறாரு."

"நல்லா பாருடா. சும்மா கண்ண மூடிக்கினு இருக்கப்போறாரு."

எட்டிப் பார்த்தேன். "வாயத் தொறந்துக்கினு தூங்குறாருக்கா" என்றேன். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. செஞ்சிக் கோட்டை மதிலை ஒட்டிய வளைவுகளில் அவள் அன்று ஓட்டியது போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. அவர் தலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசையவில்லை.

அந்தப் பேச்சை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அக்கா இன்றும் ரேலி ஓட்டுகிறாள். பழைய காரை விற்கவில்லை, மேட்டையும் மாற்றவில்லை. அவள் ஊருக்கு வந்தால் நைனா அதில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுகிறார், அதனால் ஓட்டை அன்றிருந்த அளவிலேயே நின்றுவிட்டது. போன வருஷம் நானும் ஒரு கார் வாங்கினேன். நைனாவைக் கண் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் நான்தான் அழைத்துப் போகிறேன். நிதானமாகத்தான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்து மேட் தேயத் தொடங்கிவிட்டது.