சுவரில் தங்காத ஓவியம்

டோங்காவில், மீன் சந்தையில் நின்றே கால் வீங்கியவள் என் சித்தி லெசியெலி. முன்னறைச் சுவர் நிறைய மரப்பட்டைத் துணி ஓவியம் மாட்டுவது அவள் ஆசை. மாட்டும்போதெல்லாம் ஏதாவது சாவோ கல்யாணமோ வந்து, அது அந்த வீட்டுக்குச் சீர்ப்பொருளாகப் போய்விடும்.

நேற்று, தேடித் தேர்ந்த புறா ஓவியத்தை மாட்டி முடித்தோம். சித்தியின் நாத்தனார் ஓஃபா வந்தாள்.

"பெரியப்பா தவறிட்டாரு அண்ணி. சுவத்துலயே பெருசா ஒண்ணு இருக்கே! சாயங்காலம் கொண்டாந்துடுங்க."

அவள் போனதும் சித்தி பெருமூச்சு விட்டாள். "ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் சாவாங்க போல."

"பாதியா வெட்டிடு சித்தி. வெட்டினதை யாரும் சீருக்குக் கேக்க மாட்டாங்க." வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு அது எளிதாகத் தோன்றியது.

கத்தரிக்கோலை எடுத்தவள் கீழே வைத்தாள். "வெறுங்கையோட எப்படிடி போய் நிப்பேன்?"

நாற்காலியில் ஏறி ஒரு முனையை அவிழ்த்தாள். மறுமுனையை நான்தான் அவிழ்த்தேன்.