எதிர் ரயில் வராத இரண்டு மணி நேரம்

மலை ஆஸ்பத்திரியில் நான் வார்டு சிஸ்டர். வீட்டுக்காரரும் மூன்று வயது மகள் ஜெனியும் டெல்லியில், மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு நாள் ஆஃப். காலையில் சின்ன டீசல் ரயிலில் மலை இறங்கி, அடிவாரத்தில் பெரிய ரயிலைப் பிடித்தால் சாயங்காலம் ஜெனியிடம் இருப்பேன். அதை விட்டால் அடுத்த ரயிலில் மறுநாள் காலையில்தான் வீடு. அன்று மதியமே டியூட்டிக்குத் திரும்ப வேண்டும்.

ஒருநாள் பாதி மலையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயில் மேலே ஏறி வந்தால்தான் நாங்கள் நகர முடியும். கார்டிடம் சண்டைக்குப் போனேன்.

"பைன் இலை கொட்டிக் கிடக்கு பெஹன்ஜி. சக்கரம் வழுக்குது. மணல் போட்டுப் போட்டு ஏத்துறாங்க."

"நான் வேணா போய்ப் பெருக்கட்டுமா?"

"துடைப்பம் தர்றேன். மூணு கிலோமீட்டர்தான், போயிட்டு வாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பிளாட்பாரத்தில் டீ வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் இஞ்சின் புகையோடு உறுமிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தாக்கில் வெயில். வார்டு பெல் அடிக்கவில்லை, டிரிப்ஸ் பார்க்க வேண்டாம், யாருக்கும் சமைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, எதிர் ரயில் வரவே கூடாது என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

இன்னொரு மணி நேரத்தில் அது வந்தது. அடிவாரத்தில் பெரிய ரயில் போயிருந்தது.

மறுநாள் காலை ஜெனி கதவைத் திறந்தாள். "பப்பா, சிஸ்டர் ஆயீ ஹை!" அம்மா இல்லை, சிஸ்டர் வந்திருக்கிறாளாம்.

வீட்டுக்காரர் சிரித்தார். "என்னட்டி முழிக்க? போன்ல நீதான 'சிஸ்டர் பேசுறேன்'னு சொல்லுத. பிள்ள அதத்தான் சொல்லுது."

வார்டு போன் பழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதமே ராஜினாமா எழுதி டெல்லிக்கு வந்தேன்.

பிள்ளைக்காக மலை வேலையை விட்டாள் என்று சர்ச்சில் இன்றும் மெச்சுகிறார்கள். பாதிதான் உண்மை. அந்த பெஞ்சு அவ்வளவு சுகமாக இருந்தது. இன்னும் நாலு முறை அங்கே உட்கார்ந்தால் வீட்டுக்கே வராமல் போய்விடுவேனோ என்று பயந்தேன்.

டெல்லியில் வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருபது வருஷம் டியூட்டி பார்த்தேன், வீட்டையும் பார்த்தேன். இப்போது ரிட்டயர்டு. அப்படி இரண்டு மணி நேரம் ஒருவரும் தரவில்லை. நானும் வாய் திறந்து கேட்கவில்லை. இப்போது வேலைக்கு வரும் பெண்களே, ஓய்வு வேண்டுமென்றால் வார்டிலும் கேளுங்கள், வீட்டிலும் கேளுங்கள். எதிர் ரயில் தாமதமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.